திறக்க இயலாத உடைமை

உடைமை என்னும் சொல்லை நாம் நாள்தோறும் எளிதாக வழங்குகிறோம். விலை கொடுத்து வாங்கினோம். பற்றுச்சீட்டு நம் பெயரில் உள்ளது. பொருள் நம் வீட்டில் இருக்கிறது. ஆதலால் அது நம்முடையது என்கிறோம். ஆயினும் அப்பொருள் பழுதுற்ற அன்று அச்சொல் தன் வலிமையை இழந்துவிடுகிறது. மூடியைக் கழற்றத் திருகாணி இல்லை, பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குக் குறிப்பு இல்லை. உதிரிப் பாகம் தனியே விற்கப்படுவதில்லை. புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்று கடைக்காரர் கூறுகிறார். அந்நிலையில் நம்மிடம் இருப்பது உடைமையா, அல்லது கெடும்வரை பயன்படுத்திக்கொள்ளப் பெற்ற அனுமதியா என்னும் ஐயம் எழுகிறது.

இவ்வையத்தை அறநோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாக ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலித் துறையை எடுத்துக்கொள்வோம். தாம் பயன்படுத்தும் கருவியைத் தாமே ஆக்கி, தாமே திறந்து, தாமே செப்பனிடும் வழக்கம் அத்துறையில் நூறாண்டுகளுக்கு மேலாக நிலவி வருகிறது. அவ்வழக்கம் குன்றிய காலமும், மீண்டும் தளிர்த்த காலமும் அதன் வரலாற்றில் உள்ளன. ஆதலால் நம் வினாவுக்கு அத்துறை நல்ல சான்றாகும்.

தற்பயிற்சிக்கென அமைந்த துறை

வானொலி நிலையம் என்றவுடன் பாட்டும் செய்தியும் பரப்பும் நிலையமே நம் நினைவுக்கு வரும். ஹாம் வானொலி அத்தகையதன்று. அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்ற தனிமனிதர், தம் வீட்டில் ஓர் அனுப்பியும் வாங்கியும் வைத்துக்கொண்டு, உலகின் மற்றப் பகுதிகளில் உள்ள அத்தகையோருடன் பேசுவதும் மோர்ஸ் குறியீட்டில் செய்தி பரிமாறுவதுமே இதன் இயல்பு. இதில் ஊதியம் இல்லை, வணிகம் கூடாது. பன்னாட்டு வானொலி விதிகள் இச்சேவைக்கு இலக்கணம் வகுக்கும்போது அதன் நோக்கங்களாக மூன்றைக் கூறுகின்றன. அவை தற்பயிற்சி, தம்முள் தொடர்பு கொள்ளுதல், தொழில்நுட்ப ஆய்வு என்பனவாம். மூன்றனுள் தற்பயிற்சி முதலில் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. பேசுவதற்காக மட்டும் அலைவரிசைகள் இவர்களுக்கு ஒதுக்கப்படவில்லை, கற்பதற்காகவும் ஒதுக்கப்பட்டுள்ளன. கற்க வேண்டியவருக்குக் கருவியின் உள்ளே பார்க்க வழி இருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

தொடக்க காலத்தில் இது ஒரு வினாவாகவே எழவில்லை. விற்பனைக்குக் கருவிகள் அரிதாக இருந்தமையால் ஒவ்வொருவரும் தம் கையாலேயே அமைத்துக்கொண்டனர். 1912ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இயற்றிய சட்டம், 200 மீட்டருக்குக் குறைந்த அலைநீளங்களை மட்டுமே அமெச்சூர்களுக்கு விட்டுவைத்தது. நெடுந்தொலைவுக்கு அவ்வலைகள் பயன்படா என்பது அக்காலத்தார் கருத்து. ஆனால் 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்கள் அனுப்பிய குறியொலி ஸ்காட்லாந்துக் கடற்கரையில் கேட்கப்பட்டது. 1923 நவம்பரில் அமெரிக்காவுக்கும் பிரான்சுக்கும் இடையே இருவழித் தொடர்பே நிகழ்ந்தது. பயனற்றதென ஒதுக்கப்பட்ட சிற்றலை உலகைச் சுற்றிவர வல்லது என்பதை அறியச் செய்ததில், தம் கருவியைப் பலமுறை கழற்றி மாற்றியமைத்துப் பார்த்த எளிய மனிதர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆக்கியவர் செப்பனிடுவார்

கடைகளில் முழுமையான கருவிகள் கிடைக்கத் தொடங்கிய பின்னரும் ஓர் இடைவழி நெடுங்காலம் இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பென்டன் ஹார்பர் என்னும் ஊரில் இயங்கிய ஹீத் நிறுவனம், 1947 முதல் மின்னணுக் கருவிகளைத் தனித்தனிப் பாகங்களாக, தொகுப்பாக விற்றது. வாங்கியவர் வீட்டில் அமர்ந்து, சால்டரிங் செய்து, கருவியை முடிக்க வேண்டும். அத்தொகுப்புடன் வந்த கையேடு பெரும்புகழ் பெற்றது. ஒவ்வொரு சிறு செயலும் தனி வரியாக எழுதப்பட்டு, முடித்தவுடன் குறியிட்டுக்கொள்ள அருகில் இடமும் விடப்பட்டிருந்தது. மின்சுற்று எவ்வாறு இயங்குகிறது, எந்த இடத்தில் எவ்வளவு மின்னழுத்தம் இருத்தல் வேண்டும், பழுது நேர்ந்தால் எங்குத் தேடுவது என்பனவும் அதில் இருந்தன. ஹீத் தொகுப்பைக் கட்டி முடித்தவர், கருவியோடு அதனைப் பேணும் அறிவையும் சேர்த்தே பெற்றார். 1992இல் அந்நிறுவனம் தொகுப்பு விற்பனையை நிறுத்தியது.

அதற்கு முன்பே காலம் மாறத் தொடங்கிவிட்டது. 1980களில் நுண்செயலிகள் வானொலிக் கருவிகளுக்குள் புகுந்தன. பயன் பெருகியது, அளவு சுருங்கியது. அதே வேளையில் புதுவகையான ஓர் இடர்ப்பாடும் பிறந்தது. அக்காலத்துச் சில உயர்விலைக் கருவிகளில், அவற்றை இயக்கும் நிரலே ஒரு சிறு லித்தியம் மின்கலத்தின் துணையால் நினைவகத்தில் காக்கப்பட்டது. அம்மின்கலம் தீர்ந்த அன்று நிரல் அழியும். ஏனைய பாகங்கள் அனைத்தும் நன்னிலையில் இருந்தும் கருவி ஊமையாகிவிடும். புதிய மின்கலம் வைத்தாலும் பயனில்லை. நிரலை மீண்டும் ஏற்ற வல்லவரிடம் அனுப்ப வேண்டும். சில ரூபாய் பெறுமான மின்கலம் பல்லாயிரம் பெறுமான கருவியின் ஆயுளை வரையறுத்தது. பின்னர், இத்துறையில் வல்லவர் சிலர், மின்கலம் இல்லாமலே நிரலைக் காக்கும் மாற்றுப் பலகைகளை ஆக்கி வழங்கினர். அவற்றால் பல கருவிகள் மீண்டும் பேசின.

இதில் தீய எண்ணம் எவருக்கும் இருந்ததாக நாம் கருத வேண்டுவதில்லை. வடிவமைத்தவர் விற்பனை நாளை எண்ணினார்; இருபது ஆண்டுகளுக்குப் பிந்திய நாளை எண்ணவில்லை. ஆயினும் எண்ணாமையும் ஒரு குற்றமே என்பதை நம் அறநூல்கள் வற்புறுத்துகின்றன. கொல்ல வேண்டும் என்னும் கருத்து இல்லாதபோதும், கவனமின்றி நடந்தால் அது துன்பத்துக்கு வித்தாகும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நடக்கும்போது நிலத்தைப் பார்க்கும் கவனம் உண்டாக்கும் பொருளிலும் இருத்தல் வேண்டும் அன்றோ?

வரையறையை மீறச் செய்தல்

இங்கே நம் இல்லறத்தார்க்கு நெருக்கமான ஒரு கருத்தைக் கூற வேண்டும். ஐந்து அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமையும் ஒன்று. இன்ன பொருள் இவ்வளவு போதும் என்று தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொள்வது அந்நோன்பின் இயல்பு. அதனை வாங்குபவருடைய மன அடக்கமாக மட்டுமே நாம் எண்ணி வருகிறோம். ஆனால் ஒன்று போதும் என்று வரைந்துகொண்டவருக்கு அந்த ஒன்று நெடுநாள் உழைத்தாக வேண்டும். ஐந்தாண்டில் கெட்டு, செப்பனிடவும் இயலாததாக அது இருப்பின், அவர் விரும்பாமலே இரண்டாவதையும் மூன்றாவதையும் வாங்குகிறார். அவர் ஏற்ற எல்லையை வேறொருவர் தம் வடிவமைப்பினால் மீறச் செய்துவிடுகிறார். ஆகவே பொருள் வரைதல் என்னும் நோன்பில், வாங்குபவருக்கு மட்டுமன்றி ஆக்குபவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நம் துணிபு.

வீசியெறியப்பட்டவை எங்கே போகின்றன என்பதையும் எண்ண வேண்டும். ஐக்கிய நாடுகள் அமைப்பின் சார்பில் 2024இல் வெளியான அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உண்டாயிற்று. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடே. எஞ்சியவற்றில் பல, செம்புக்காகத் திறந்தவெளியில் எரிக்கப்படுகின்றன. ஈயமும் பிற நஞ்சுகளும் மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. அம்மண்ணிலும் நீரிலும் வாழும் சிற்றுயிர்கள் எண்ணற்றவை. கொல்லாமையைக் கைக்கொண்டவர்க்கு இது அயலார் செய்தி ஆகாது.

மூன்று எடுத்துக்காட்டுகள்

வேறு வழி உண்டு என்பதை இத்துறையே காட்டியிருக்கிறது.

முதலாவது நம் நாட்டைச் சேர்ந்தது. ஹைதராபாத்தில் வாழும் ஹாம் அஷர் ஃபர்ஹான் என்பவர் 2000களின் தொடக்கத்தில் பிட்எக்ஸ் என்னும் கருவியை வடிவமைத்து, அதன் மின்சுற்றை யாவரும் காண வெளியிட்டார். வெளிநாட்டுப் பாகங்களை வரவழைக்க இயலாதவரும் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆகவே உள்ளூர்க் கடைகளில் கிடைக்கும் எளிய டிரான்சிஸ்டர்களே அதில் இடம்பெற்றன. கம்பிச் சுருள்களைச் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாய்களில் இடும் வாஷர் பயன்பட்டது. ஒரே பெருக்கிப் பகுதிகள், பேசும்போது ஒரு திசையிலும் கேட்கும்போது எதிர்த் திசையிலும் பணி செய்யுமாறு அமைந்தமையால் பாகங்களின் எண்ணிக்கையும் குறைந்தது. ஆறு வாட் ஆற்றலே உடைய இக்கருவியால் கடல்கடந்த நாடுகளுடன் பேச முடிந்தது. கெட்டுப்போனால் மாற்றுப் பாகம் அடுத்த தெருக் கடையிலேயே கிடைக்கும் என்பதைவிடச் சிறந்த உத்தரவாதம் வேறு என்ன இருக்க இயலும்?

இரண்டாவது, கலிபோர்னியாவின் எலிகிராஃப்ட் நிறுவனம் 2007இல் வெளியிட்ட கே3 என்னும் கருவி. இது விலையுயர்ந்தது, நுட்பம் மிகுந்தது. ஆயினும் ஒவ்வொரு பணிக்கும் ஒரு தனிப் பலகையாகப் பிரிக்கப்பட்டு, வாங்கியவர் சால்டரிங் எதுவுமின்றித் திருப்புளி கொண்டே கட்டி முடிக்குமாறு அமைக்கப்பட்டது. ஒரு பலகை கெட்டால் அதனை மட்டும் கழற்றி மாற்றலாம். பின்னாளில் மேம்பட்ட பலகை வந்தபோது, பழைய பெட்டியிலேயே அதனைப் பொருத்திக்கொள்ள முடிந்தது. புதுமை வேண்டுமெனில் பழையதை எறிந்தே ஆக வேண்டும் என்னும் நம்பிக்கை பொய் என்பதை இது மெய்ப்பித்தது.

மூன்றாவது, ஹான்ஸ் சம்மர்ஸ் என்பவரின் கியூஆர்பி லேப்ஸ் நிறுவனம் 2017இல் இளைஞர் முகாம் ஒன்றுக்காக ஆக்கிய கியூசிஎக்ஸ் என்னும் சிறு மோர்ஸ் கருவி. கட்டுபவரிடம் அளவுக் கருவிகள் இரா என்பதை எண்ணி, அவற்றைக் கருவிக்குள்ளேயே அவர் வைத்துவிட்டார். மின்னழுத்தம் காணவும், அதிர்வெண் எண்ணவும், வெளியாகும் ஆற்றலை அளக்கவும், சோதனைக் குறியொலி உண்டாக்கவும் அதற்குள் வசதி உண்டு. தன் நோயைத் தானே உரைக்கும் கருவி என்று இதனைக் கூறலாம்.

எதிர்வாதங்கள்

மறுதரப்பாரின் கூற்றுகளையும் நடுநிலையுடன் கேட்பதே முறை.

பகுதிகளாகப் பிரித்தால் இணைப்பிகள் பெருகும். இணைப்பிகளே பழுதின் பிறப்பிடம் என்பர். இது பெரிதும் உண்மை. ஈரக்காற்றில் அவற்றின் முனைகள் களிம்பேறும், அதிர்வில் தளரும். ஒரே பலகையாக, ஒரே சில்லாக அமைத்தால் விலையும் குறையும், மின்செலவும் குறையும். ஆகவே எதையும் பிரிக்க வேண்டும் என்பது அறமாகாது. எவை முதலில் கெடுமோ, எவை தேயுமோ, எவை பழமையாகுமோ அவற்றைப் பிரித்து வைத்தலே போதும். மின்கலம், விசைப்பொத்தான், காட்சித்திரை, ஆற்றல் டிரான்சிஸ்டர் ஆகியவை அத்தகையவை.

எல்லோராலும் செப்பனிட இயலுமா என்பர். இயலாது. இக்காலப் பாகங்கள் பல அரிசிமணியினும் சிறியவை. ஆனால் உடையவர் செப்பனிடத்தக்கது என்றால் ஒவ்வொருவரும் செப்பனிட்டே ஆக வேண்டும் என்பது பொருளன்று. அவர் தாமே செய்யலாம். அறிந்த நண்பரிடம் கொடுக்கலாம். தெருமுனையில் உள்ள தொழிலாளியிடம் தரலாம். தேர்ந்துகொள்ளும் உரிமை அவரிடம் இருத்தல் வேண்டும் என்பதே கருத்து. கதவு பூட்டப்பட்டிருந்தால் அவருக்கு மட்டுமன்றி அத்தொழிலாளியின் பிழைப்புக்கும் அது கேடாகும்.

தீங்கு நேராதா என்பர். இக்கூற்று மூன்றினும் வலியது. வால்வுப் பெருக்கிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும். பிழையாகத் திருத்தப்பட்ட அனுப்பி, பிறர் அலைவரிசையில் புகுந்து இடையூறு செய்யும். பிட்எக்ஸ் வழிவந்த கருவி ஒன்று 2017 இறுதியில் வெளிவந்தபோது, அதன் தொடக்கப் பதிப்புகள் சில பட்டைகளில் வேண்டாத அலைகளையும் சேர்த்து அனுப்புவதை வாங்கியவர்களே அளந்து கண்டனர். மின்சுற்று வெளிப்படையாக இருந்தமையால் காரணமும் கண்டறியப்பட்டது. திருத்தமும் பலரால் முன்வைக்கப்பட்டது. பின்வந்த பதிப்பில் வடிவமைப்பே மாற்றப்பட்டது. மூடிய பெட்டியிலும் குறை இருக்கக்கூடும். அதனைக் காண்பார் இரார். ஆதலால் தீங்கைத் தடுக்கும் வழி அறிவைப் பரப்புவதே ஆகும். தேர்வு எழுதித் தேறிய பின்னரே உரிமம் என்னும் முறை இத்துறையில் இருப்பதும் இதன்பொருட்டே.

பற்று என்னும் சிக்கல்

இனி நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. பழையதைக் காத்துப் பேணுதல் பற்றினைக் குறைக்குமா, வளர்க்குமா? ஹாம்கள் பலரின் அறையில் அலமாரி நிறையப் பழைய பாகங்கள் இருக்கும். என்றேனும் உதவும் என்று சேர்த்தவை அவை. உதவும் நாள் வருவதில்லை, சேர்ப்பதும் நிற்பதில்லை. செப்பனிடும் ஆர்வமே ஈட்டிவைக்கும் ஆசையாக மாறிவிடுவதை இங்கே காண்கிறோம். தாம் கட்டிய கருவியின்மேல் பெருமிதம் கொண்டு, பிறர் தொடவும் விடாதார் உளர்.

இதற்கு நாம் கூறும் விடை இது. பற்று பொருளின் வயதால் வருவதன்று. ஒன்றைப் புதிதாக வாங்குவோர் பழையதைத் தூக்கியெறிவதால் பற்றற்றவர் ஆகிவிடார். அவருடைய பற்று அடுத்த பொருளுக்குத் தாவியிருக்கிறது, அவ்வளவே. மாறாக, ஒரு பொருளின் உள்ளமைப்பை அறிந்தவர் அது அழியும் தன்மையது என்பதையும் அறிவார். எந்த மின்தேக்கி எத்தனை ஆண்டில் வறளும் என்று தெரிந்தவருக்கு அதன் கேடு அதிர்ச்சி தராது. அவர் அதனைப் பயன்படும்வரை பேணுவார்; தமக்குத் தேவை தீர்ந்தபின் குறிப்புகளோடு மற்றொருவருக்கு அளிப்பார். அளிக்கத்தக்க நிலையில் வைத்திருத்தலே நல்ல உடைமைக்கு அடையாளம். உதிரிப் பாகங்களைப் பொறுத்தவரை, கையில் உள்ள கருவிகளுக்கு வேண்டியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றைக் கற்கும் இளைஞர்க்குக் கொடுத்துவிடுவது நோன்புக்கும் பொருந்தும், கல்விக்கும் பொருந்தும்.

இருவர் கடமை

செப்பனிடும் ஆற்றலின் அருமை இடர்க்காலத்தில் விளங்கும். 2004 டிசம்பரில், தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழுவினர் அந்தமானில் ஹாம் நிலையம் அமைக்கப் போர்ட் பிளேயர் சென்றிருந்தனர். 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கித் தீவுகளின் தொலைபேசித் தொடர்பு குலைந்தபோது, பொழுதுபோக்காகக் கொண்டுசென்ற கருவிகளே உற்றார் நிலையைக் கேட்டு ஏங்கியவர்க்குச் செய்தி கொண்டுவந்தன. அத்தகைய இடத்தில் பழுது நேர்ந்தால் நிறுவனத்தின் சேவை நிலையத்தைத் தேடி எங்கே செல்வது? கையில் உள்ள அறிவும் கழற்றத்தக்க கருவியுமே அங்குத் துணையாகும்.

ஆகவே ஆக்குபவர் கடமை இவை: பசைக்கு மாறாகத் திருகாணி இடுதல், மின்சுற்று வரைபடத்தைக் கருவியுடன் தருதல், எங்கும் கிடைக்கும் பாகங்களைத் தேர்தல், முதலில் கெடுவனவற்றைத் தனியே கழற்ற விடுதல், நிரல் அழிந்தால் உடையவரே மீண்டும் ஏற்றிக்கொள்ள வழிசெய்தல். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுநீக்கும் உரிமைக்கெனத் தனி நெறிமுறை இயற்றியது. நம் நாட்டிலும் நுகர்வோர் நலத்துறை 2022இல் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. சட்டம் வருவது நன்று. ஆயினும் சட்டம் கதவைத் திறக்குமே அன்றி உள்ளே செல்லுமாறு எவரையும் கட்டாயப்படுத்தாது.

உள்ளே செல்வது உடையவர் கடமை. வாங்குமுன் இதனைத் திறக்க இயலுமா, பாகம் கிடைக்குமா, படிக்கக் கையேடு உண்டா என்று நம் இல்லத்தார் கேட்கப் பழக வேண்டும். கையேட்டைப் பெட்டியோடு எறியாமல் போற்ற வேண்டும். வீட்டில் பழுதுற்ற எளிய மின்கலக் கருவி ஒன்றைப் பெரியவர் துணையோடு திறந்து பார்க்கப் பிள்ளைகளை விட வேண்டும். மின்சாரத்தின் தீங்கையும் உடன் உணர்த்த வேண்டும். குறைவாக வைத்துக்கொள்வது, வைத்திருப்பதை அறிவது, அறிந்ததைப் பேணுவது, பேணியதைப் பிறர்க்கு அளிப்பது என்னும் நான்கும் கூடிய இடத்திலேயே உடைமை என்னும் சொல் பொருள் பெறுகிறது. அவ்வுடைமை அளவில் சிறியதாயினும் இல்லறத்தார்க்கு அதுவே போதும்.